ஆறாம் வேலைநாள்

பள்ளி திறந்து இன்றோடு ஆறு வேலைநாள்.
மேலிடத்துக் கடிதம் மலையாளத்தில் வந்திருக்கிறது.
பதினொரு வருஷத்தில் எனக்கு அது வாசிக்க வரும்,
வாசிக்காமலே என்னவென்றும் தெரியும்:
இன்று பெஞ்சில் இருக்கும் தலைகள்தான்
இந்த வருஷம் முழுக்கத் தலைகள்.

ஒன்பதாம் வகுப்பு, தமிழ் மீடியம்.
இரண்டு டிவிஷன் நிற்க ஐம்பத்தொன்று வேண்டும்.
சைமன் சார் மூன்று தடவை எண்ணிவிட்டார்.
கணக்கு வாத்தியார் எண்ணினாலும்
ஐம்பது ஐம்பதுதான்.

ஒன்று குறைந்தால் போவது டிவிஷன் அல்ல,
ஷாஜிதா.
போன ஆவணியில் சேர்ந்தவள்.
கொழிஞ்சாம்பாறையில் வாடகை வீடு,
கடனில் ஒரு ஸ்கூட்டர்.
அந்த ஸ்கூட்டரில்தான் இப்போது நான்,
முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு.
தலைமையாசிரியை
தலை தேடிப் போகிறாள்.

கணவாய்க் காற்று பனைகளைப் பிடித்து உலுக்குகிறது.
மழை மலையிலேயே தீர்ந்துபோய்
எங்களுக்கு மேகம் மட்டும் மிச்சம்.
செக்போஸ்ட் தாண்டி வரும் மஞ்சள் பஸ்
ஏழரைக்கே எங்கள் பிள்ளைகளில் பாதியை
அள்ளிக்கொண்டு போய்விடுகிறது.
குறை சொல்ல எனக்கு வாயில்லை.
என் மகளையும் கோயமுத்தூரில்தான் சேர்த்தேன்.
இதுவரை யாரும் கேட்டதில்லை.

சிவஹரி செங்கல் சூளையில் இருந்தான்.
முழங்கை வரை சிவப்பு.
ஏழாவதில் அமிலமும் காரமும் நடத்தும்போது
"மஞ்சத் தண்ணில சுண்ணாம்பு போட்டா
செவக்கறது இதுதானுங்களா டீச்சர்?" என்று கேட்டவன்.
அன்று புத்தகத்தை மூடிவிட்டு
அவன் சொன்னதையே நடத்தினேன்.

அவன் அம்மா கையை உதறிக்கொண்டு வந்தாள்.
"மத்தியானத்துக்குள்ள அனுப்பீருவீங்ளா?
லோடு ஏத்தோணும்."
"அனுப்பிடறோம்," என்றாள் ஷாஜிதா.
அவ்வளவு வேகமாகச் சொன்னாள்.

வண்டியில் மூன்று பேர்.
எங்கள் நடுவில் உட்கார்ந்து,
யாரையும் பார்க்காமல் கேட்டான்:
"இன்னைக்கு ஒரு நாளைக்குத்தானுங்களா, டீச்சர்?"

இருபத்தாறு வருஷமாகக் கேள்வித்தாள் தயாரிப்பவள் நான்.
எந்தக் கேள்விக்கு எத்தனை மார்க்,
விடைக்கு எத்தனை வரி என்று தெரியும்.
காற்றில் காது கேட்காதவள்போல் இருந்துகொண்டேன்.
கண்ணாடியில் ஷாஜிதா என்னைப் பார்த்தாள்.

பீரோவில் ஒரு சீருடைச் சட்டை கிடந்தது.
காலரின் உள்பக்கம் மையில் எழுதிய பெயர்:
பி. டெல்பின் ராஜ்.
போன வருஷம் நின்றுபோனவன்.
அதைப் போட்டு மூன்றாம் பெஞ்சில் உட்காரவைத்தோம்.
சைமன் சார் நாலாம் தடவை எண்ணினார்.
ஐம்பத்தொன்று.
பாயசத்துக்குச் சொல்லட்டுமா என்றார்
பியூன் ருக்மாங்கதன்.
ஸ்டாஃப் ரூமில் யாரோ கைதட்டினார்கள்.
ஷாஜிதா குழாயடியில்
முகம் கழுவிக்கொண்டே இருந்தாள்.

கையெழுத்துப் போட்டேன்.
முத்திரை சற்றுச் சாய்ந்து விழுந்தது.
சோறு தின்றுவிட்டுப் போடா என்றேன்.
தின்றான். பயறு இரண்டாம் தடவை வாங்கினான்.
தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு
நடந்தே போனான்.

மறுநாள் அவன் தங்கை, அஞ்சாம் வகுப்புக்காரி,
ஆபீஸ் வாசலில் நின்றாள்.
கையில் துவைத்து மடித்த சட்டை.
"அண்ணன் குடுக்கச் சொல்லுச்சுங்க."
பீரோவைத் திறந்தேன்.
வைக்காமல் மூடினேன்.

ஷாஜிதா வண்டிச் சாவியோடு வந்தாள்.
"ஃபர்ஸ்ட் பீரியட் எனக்குக் கிளாஸ் இல்லீங்க டீச்சர்.
போய்ட்டு வந்துரலாம்."
"எனக்கு மீட்டிங் இருக்கு," என்றேன்.
என் முதுகுக்குப் பின்னால் போர்டில்
என் கையெழுத்திலேயே இருந்தது:
மீட்டிங், மத்தியானம் இரண்டரை.
அவள் அதைப் படித்தாள்.
மேஜையிலிருந்து சட்டையை எடுத்துக்கொண்டாள்.

ஜன்னலில் நின்று பார்த்தேன்.
கேட்டைத் தாண்டிச் சூளைப் பக்கம் திரும்பியது வண்டி,
பின் சீட் காலியாக.